நாற்காலிக் கடையில் நிற்கிறவன்

மரியாதைக்குரிய மூத்த மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. அங்கே நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே எப்படி என்று நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். உங்கள் தங்கை சௌக்கியம். உங்கள் மருமகள், அதாவது என் அருமை மகள், மிகவும் சௌக்கியம். என் கடையில் வேலை செய்யும் ஏழு பேரும் சௌக்கியம். நான் மட்டும் இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு எழுதுகிறேன். நாற்பத்தாறு மாதிரி நாற்காலிகளை வைத்து விற்கிற கடையின் சொந்தக்காரன், பில் மேசையின் ஓரத்தில் பில் புத்தகத்தைக் கவிழ்த்துப் போட்டு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்று எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணியிலிருந்து, கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் நிற்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நின்று, நான் பேசுவதை நோட்டில் குறித்துக்கொள்வாள். ஆமாம் மச்சான், நோட்டில். அந்த அளவுக்கு வீடு கெட்டுப்போயிருக்கிறது. இத்தனைக்கும் காரணம் நீங்கள். மூத்தவரிடம் இப்படி எழுதலாமா என்று என் மனசாட்சி கேட்கிறது. கால் வலியில் அது கேட்பது எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, கூடத்தில் சாய்ந்து உட்கார்ந்தபடி நீங்கள் சொன்ன வார்த்தை எனக்கு இன்னும் மறக்கவில்லை. "அஞ்சு வருஷம், ரெண்டு பட்டம். மொத மூணு வருஷம் சமூக அறிவியல், கூடவே கொஞ்சம் சட்டம். கடைசி ரெண்டு வருஷம் முழுக்கச் சட்டம். புள்ளைக்கு வாயும் இருக்கு, மூளையும் இருக்கு. யோசிக்காம சேர்த்துவிடுங்க." நீதிமன்றத்தில் முப்பது வருடம் எழுத்தராகக் கோப்பு கட்டியவர் சொல்கிறாரே என்று நம்பினேன். அதுவும் நான் கடைக்காரன். மேசை வாங்கினால் நாற்காலி சேர்த்துத் தருகிறவன். ஒன்று சேர்ந்தால் இரண்டு கிடைக்கும் என்றதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. சமூக அறிவியல் என்றால் பள்ளிக்கூடத்தில் படித்த மாதிரி ஆறு, மலை, விளைபொருள், எந்த ராஜா எப்போது செத்தார் என்பதாக இருக்கும் என்று நினைத்தேன். சட்டம் என்றால் கறுப்பு அங்கி போட்டு ஒரு போட்டோ எடுத்துக் கூடத்தில் மாட்டலாம் என்று நினைத்தேன். இரண்டையும் சேர்த்து வீட்டுக்குள்ளேயே என்மேல் பிரயோகிப்பார்கள் என்று நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதல் வருடம் அவள் எங்கள் சாப்பாட்டு மேசையை ஆராய்ந்தாள். மேசையை என்றால் அதன் மரத்தை அல்ல, அதுவாவது எனக்குத் தெரிந்த விஷயம். யார் எத்தனை தரம் அடுத்தவர் பேசும்போது குறுக்கே பேசுகிறார் என்று ஒரு மாதம் கோடு போட்டுக் கணக்கெடுத்தாள். உங்கள் தங்கை ஆறு. அவள் ஒன்பது. நான் நூற்று நாற்பத்து ஒன்று. இது அநியாயம் என்று நான் சொல்ல ஆரம்பித்தபோது அவள் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாளாம், அதனால் நூற்று நாற்பத்து இரண்டு ஆயிற்று. கோபமாவது பட்டாளா? அதுவும் இல்லை. "நான் குறை சொல்லலப்பா, பதிவுதான் பண்றேன்" என்றாள். குறை சொன்னால் திருப்பிக் கொடுக்கலாம். பதிவு பண்ணுகிறவளை என்ன செய்வது? இரண்டாம் வருடம் ஒப்பந்தச் சட்டம் வந்தது. குளியலறைத் தாழ்ப்பாளை அடுத்த வாரம் மாற்றித் தருகிறேன் என்று நான் நாலு வருடமாகச் சொல்லிவந்தேன். அது எல்லா வீட்டிலும் கணவன் சொல்வதுதான். அந்த வாக்குக்குத் தேதி, சாட்சி, சம்மதம் எல்லாம் இருக்கிறது, அதனால் அது ஒப்பந்தம்தான் என்று அவள் தன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். மறுநாள் தாழ்ப்பாள் மாறியது. நான்தான் மாற்றினேன். அன்றைக்கே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும்.

இந்த வருடம் மூன்றாவது. ஒரு வேலையிடத்தை எடுத்துக்கொண்டு முதல் பாதியை சமூக அறிவியலாகவும் இரண்டாம் பாதியைச் சட்டமாகவும் எழுத வேண்டும் என்று கல்லூரியில் சொல்லியிருக்கிறார்கள். முதல் பாதியில் யாரையும் எதுவும் சொல்லாமல் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாம் பாதியில் நடப்பது சரிதானா என்று கேட்க வேண்டும். அவள் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன் என்றாள், நூற்பாலைக்குப் போகிறேன் என்றாள். போகவிட்டிருக்கலாம் இல்லையா? நான்தான் மச்சான், என் வாயாலேயே, "நம்ம கடை என்ன குறைஞ்சுபோச்சு?" என்றேன். வாத்தியார்கள் கடையின் பெயரைப் படிப்பார்கள், நாளைக்குக் கல்லூரிக்கு நாற்காலி வேண்டும் என்றால் நம் நினைவு வரும் என்று ஒரு நப்பாசை.

முப்பது நாள் வந்தாள். மின்விசிறிக்குப் பக்கத்தில் நோட்டும் பேனாவுமாக நின்றாள். எங்கள் கடையில் ஒரு விதி உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். வாசலுக்கு உள்பக்கம் நானே பெயிண்டில் எழுதி மாட்டிய பலகை: விற்பனைக்கு உள்ள நாற்காலிகளில் ஊழியர்கள் உட்காரக் கூடாது. இது சரியான விதி. விற்கிறவன் உட்கார்ந்திருந்தால் வாங்க வருகிறவன் வேறு கடைக்குப் போய்விடுவான். என் பலகையில் விற்பனைக்கு உள்ள நாற்காலி என்றுதான் போட்டிருக்கிறேன், மற்ற நாற்காலியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை என்று அவளிடம் வாதாடினேன். கடையில் விற்பனைக்கு இல்லாத நாற்காலி எத்தனை என்று கேட்டாள். ஒன்று. யார் உட்காருகிறார்கள் என்று கேட்டாள். பதில் தெரிந்த கேள்வியை அப்பனிடம் கேட்பதற்கு ஒரு பட்டமா?

அதைவிடப் பெரிய கேடு ஒன்று செய்தாள். என் மூத்த விற்பனையாளர், நாங்கள் நெட்டை என்று கூப்பிடுகிறவர், பத்தொன்பது வருடமாக இருக்கிறார். சுறுசுறுப்புக்கு அவரைத்தான் நான் எல்லோருக்கும் உதாரணம் காட்டுவேன். யார் வந்தாலும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுத் தானே உட்கார்ந்து, சாய்ந்து, சுழன்று, கைப்பிடியைத் தட்டி விளக்கிக் காட்டுவார். வழி கேட்டு வந்தவருக்கும், தப்பான கடைக்கு வந்தவருக்கும்கூட உட்கார்ந்து காட்டுவார். அந்த அக்கறைக்காகப் போன வருடம் அவருக்கு ஒரு சுவர்க்கடிகாரம் பரிசு கொடுத்தேன். உங்கள் மருமகள் முப்பது நாள் கோடு போட்டுவிட்டுச் சொல்கிறாள், நெட்டை ஒரு நாளைக்குச் சராசரி இருபத்தேழு முறை உட்கார்ந்து காட்டுகிறாராம், அதில் எதிரே ஆள் இருந்தது ஒன்பது முறைதானாம். மீதி பதினெட்டு முறை யாருக்குக் காட்டினார் என்று நெட்டையைக் கூப்பிட்டுக் கேட்டேன். கண்ணாடி வழியாகத் தெருவில் போகிறவர்களுக்கு என்றார்.

இதற்குப் பிறகுதான் கேள்வித்தாள். கடையில் உள்ள ஏழு பேருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தாள். பெயர் எழுத வேண்டாம், நிரப்பி மடித்துப் பூட்டின பெட்டியில் போட வேண்டும். இந்த ஏழு பேரும் என்ன எழுதித் தொலைப்பார்களோ, அதைப் படித்துவிட்டுக் கல்லூரி முழுக்கச் சிரிக்காதா? என் மானம் போகட்டும், பெற்ற பெண்ணின் மானம்? அதனால் ஒரு மத்தியானம் எல்லோரும் பின்பக்கம் லாரியில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த நேரத்தில், இன்னும் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று நினைத்து, மேசையில் மிச்சமிருந்த ஏழு வெற்றுத் தாள்களை எடுத்து நானே நிரப்பினேன். சும்மா இல்லை மச்சான், உழைத்து எழுதினேன். நீலப் பேனாவில் மூன்று, கறுப்பில் இரண்டு, பென்சிலில் ஒன்று, கடைசியை இடது கையால். தினசரி ஓய்வு எவ்வளவு? இரண்டு மணி நேரம். உட்கார வசதி உண்டா? ஒவ்வொருவருக்கும் சாய்மானமும் கைப்பிடியும் வைத்த நாற்காலி உண்டு. முதலாளி எப்படிப்பட்டவர்? தங்கமானவர் என்று மூன்று தாளில், தகப்பன் மாதிரி என்று மூன்று தாளில். ஏழும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வருமே என்று ஏழாவதில் ஒரு குறையும் எழுதினேன்: முதலாளிக்கு இளகிய மனசு, அதுதான் அவரிடம் உள்ள ஒரே குறை. எழுதி முடித்து, மடித்துப் பெட்டியில் போட்டபோது எனக்கே என்மேல் மதிப்பு கூடியது.

இரண்டு நாள் கழித்துச் சாப்பாட்டு மேசையில், குழம்பை ஊற்றிக்கொண்டே, "ஏழு பேர் வேலை பார்க்கிற கடையில பதினாலு பேர் பதில் சொல்லியிருக்காங்கப்பா" என்றாள். அந்தப் படுபாவிகள் முந்தின நாளே எழுதிப் போட்டுவிட்டார்களாம். அது போகட்டும். எது யார் எழுதியது என்று உனக்கு எப்படித் தெரியும், எழுத்து ஏழும் ஏழு விதமாக இருக்கிறதே என்று நான் மடக்கினேன். அவள் எழுந்து போய் அந்த ஏழு தாள்களையும் எடுத்து வந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்தாள். உங்களுக்கு என் பழக்கம் தெரியும். முப்பது வருடமாக இந்தக் கடையில் எந்தக் காகிதம் என் கைக்கு வந்தாலும் வலது பக்கம் கீழே ஒரு சுருக்கக் கையெழுத்து, அதன்மேல் ‘சரிபார்க்கப்பட்டது’ என்கிற ரப்பர் முத்திரை. கை தானாகப் போடும். பெயர் எழுதக் கூடாத ஏழு தாளிலும் என் சுருக்கக் கையெழுத்தும் கடை முத்திரையும் பளிச்சென்று இருந்தன. இடது கையால் எழுதினதில்கூட. உங்கள் தங்கை சிரித்த சிரிப்பில் அவளுக்குப் புரையேறி, நான்தான் தண்ணீர் கொடுத்தேன்.

இங்கேதான் நீங்கள் சிபாரிசு செய்த இரட்டைப் பட்டத்தின் லட்சணத்தைப் பார்க்க வேண்டும். இந்த ஏழு தாளும் முதல் பாதிக்கு ஆகாது என்றாள். வேலை செய்கிறவர்கள் சொல்லாததை அவர்கள் சொன்னதாகச் சேர்க்க முடியாதாம். நல்லதாயிற்று, கிழித்துப் போடு என்றேன். "இல்லப்பா, இது ரெண்டாம் பாதிக்கு வேணும். முதலாளியே கையெழுத்துப் போட்டு, முத்திரை வச்சு, ஆளுக்கொரு நாற்காலி உண்டுன்னு ஒத்துக்கிட்டிருக்கார்" என்றாள். அதாவது ஒரு பட்டத்தில் நான் எழுதியது செல்லவே செல்லாது. இன்னொரு பட்டத்தில் நான் எழுதியது மட்டும்தான் செல்லும். இரண்டு பக்கமும் அடி வாங்குகிற மத்தளமாக என்னை ஆக்குவதற்கு ஐந்து வருடப் படிப்பு. அதோடு விட்டாளா? பதில் சொன்னவர்களுக்கு முடிவைப் படித்துக் காட்டுவதுதான் முறையாம். போன வெள்ளிக்கிழமை காலை ஏழு பேரையும் நிற்கவைத்து, அதுதான் எப்போதும் நிற்கிறார்களே, முதலாளி எழுதிக்கொடுத்தவை என்று என் ஏழு தாள்களையும் படித்துக் காட்டினாள். நான் அப்போது வங்கிக்குப் போயிருந்தேன்.

சனிக்கிழமை காலை கடைக்குள் நுழைகிறேன், ஏழு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். கோஷம் இல்லை, சண்டை இல்லை. சாய்மானமும் கைப்பிடியும் வைத்த நாற்காலியாகப் பார்த்து ஆளுக்கொன்று. நாற்காலியின் பாகங்களைப் பூட்டித் தருகிற, நாங்கள் திருகாணி என்று கூப்பிடுகிறவர், தான் பூட்டினதிலேயே உட்கார்ந்திருந்தார். நெட்டை, மேலதிகாரிகளுக்கென்று நான் வரவழைத்த கறுப்புத் தோல் நாற்காலியில், பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல், அசையும்போதெல்லாம் சரசரவென்று சத்தம் வர உட்கார்ந்திருந்தார். என்ன இது என்று கத்தினேன். "எழுத்துல இருக்கு முதலாளி" என்றார், எழுந்திருக்காமல்.

நான் போட்ட சத்தத்தில் உங்கள் தங்கையும் மருமகளும் வீட்டிலிருந்து வந்துவிட்டார்கள். நின்று வேலை செய்வது ஒரு கஷ்டமா, இளவயசில் நான் இன்னொருத்தர் கடையில் நிற்கவில்லையா, நின்றால் உடம்புக்கு நல்லது என்று டாக்டர்களே சொல்கிறார்கள் இல்லையா என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். வேலை செய்கிறவனை உட்காரவைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது, காட்டு என்றேன். "அதைத்தான் அடுத்த ரெண்டு வருஷம் படிக்கப்போறேன்" என்றாள். படிக்கவே வேண்டாம் என்றேன். இந்த வருடத்தோடு சமூக அறிவியல் பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம், அதற்கு இடம் இருக்கிறது. தொடர்ந்து சட்டம் படிக்க வேண்டுமென்றால் பெற்றவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வேண்டும், நாளைக்கு அல்ல, அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கடைசி நாள். கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஏழு பேர் முன்னால் சொன்னேன். அவள் முகம் ஒரு கணம் சின்னதாகிவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் ஒரு மாதிரி ஆகிவிட்டது, ஆனால் சொன்ன வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது? பிறகு மெதுவாக, "திங்கள்லேர்ந்து சனி வரைக்கும் இவங்களை மாதிரி நில்லுங்கப்பா. நின்னுட்டீங்கன்னா நான் சட்டம் படிக்கல. ஒரு தடவை உட்கார்ந்தாலும் நீங்க கையெழுத்துப் போடணும்" என்றாள். சரி என்றேன். எழுதித் தா என்று நானே வேறு கேட்டேன்.

எழுதித் தந்தாள். இரண்டு பக்கம். உட்காருதல் என்றால் என்ன என்பதற்கு மட்டும் அரைப்பக்கம்: உடம்பின் பாரம் பாதங்களைத் தவிர வேறெதன் மேலாவது தங்குவது. சுவரில் சாய்ந்தால் இரண்டு நிமிடம் வரை மன்னிப்பு உண்டு. மதியம் அரை மணி நேரம், ஊழியர்களைப் போலவே, கிடங்கில் அட்டைப்பெட்டியின் மேல் உட்கார்ந்து சாப்பிடலாம். இரண்டு மணி நேரம் ஓய்வு இருக்கிறதே என்றேன். அது நான் எழுதியதாம், நடப்பது அரை மணிதானாம். நான் கையெழுத்துப் போட்டு, முத்திரை வைத்தேன். பதிவு செய்கிறவர் யார் தெரியுமா? உங்கள் தங்கை. காலையில் என்னோடு வருகிறாள், மாலை கடை மூடும் வரை என்னைச் சுற்றிச் சுற்றி வருகிறாள். நேற்று அவள் நோட்டை எட்டிப் பார்த்தேன். மூன்று பத்துக்குச் சுவரில் சாய்ந்தார், கேட்டதற்குச் சுவர் உறுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாள். இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய பெண் எழுதுகிற வாக்கியமா இது?

ஒரே ஒரு நல்லது நடந்தது. திங்கட்கிழமை நான் நிற்க ஆரம்பித்ததும் ஏழு பேரும் தாமாக எழுந்துவிட்டார்கள். பார்த்தாயா, ஒழுங்கு திரும்பிவிட்டது என்று உங்கள் தங்கையிடம் மார்தட்டினேன். என்னய்யா, எழுத்தில் இருக்கிறதே, உட்காரவில்லையா என்று நெட்டையையும் சீண்டினேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, முதலாளி நிற்கும்போது நாங்கள் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும் என்றார். சட்டம் படிக்காத ஆள், என்ன பண்பு பாருங்கள்.

ஆனால் மச்சான், நேற்று ஒன்று நடந்தது. அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. பில் போடும் அம்மாவை உங்களுக்குத் தெரியும், பதினொரு வருடமாக இருக்கிறார், அதிகம் பேச மாட்டார். நான் இந்த மேசை ஓரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றபோது, காலால் ஒரு சின்ன மரக்கட்டையை என் பக்கம் தள்ளினார். ஒரு காலை அதன்மேல் வைத்து நிற்க வேண்டுமாம், கொஞ்ச நேரம் கழித்து மற்றக் கால். கட்டையின் நடுவில் குதிகால் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தது. என் கடையில் இப்படி ஒரு கட்டை இருப்பதே எனக்குத் தெரியாது. எப்படி அம்மா நாள் முழுக்க நிற்கிறீர்கள் என்று கேட்டேன். "மூணு மணிக்கு மேலதான் வலி முதலாளி. அஞ்சு மணி ஆச்சுன்னா கால் இருக்கிறதே தெரியாது. வீட்டுக்குப் போய்ப் படுத்தப்புறம்தான் திரும்ப வரும்" என்றார், ரசீதைக் கிழித்துக்கொண்டே, மழை வரும் போல் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி. பதினொரு வருடம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா? நான் என்ன ராட்சசனா? இதை வீட்டில் வந்து கோபமாகச் சொன்னேன். உங்கள் மருமகள் புத்தகத்திலிருந்து நிமிர்ந்து, "நீங்க கேட்டதுக்கு அப்புறம் சொல்லிட்டாங்கல்ல?" என்றாள். பிறகு மறுபடி படிக்க ஆரம்பித்துவிட்டாள். இப்படிப் பேசுகிற பெண் சட்டமும் படித்தால் ஊரில் ஒருத்தராவது அவளோடு ஒட்டுவார்களா? எந்த வீட்டுக்குப் போனாலும், எந்த அலுவலகத்துக்குப் போனாலும் இப்படி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு வந்தால் அவளை யார் நிம்மதியாக இருக்கவிடுவார்கள்? அப்பனிடம் பேசினால் அப்பன் கத்துவான், அதோடு முடியும். மற்றவர்கள் கத்துவதோடு நிறுத்துவார்களா? என் பயம் அதுதான். அதை நேராகச் சொல்ல வரவில்லை, அதனால் நிற்கிறேன்.

ஆகவே நீங்கள் செய்த தப்பை நீங்களே சரிசெய்ய வேண்டும். நான் இன்னும் இரண்டு நாள் நின்றுவிடுவேன், அதில் சந்தேகமே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, முப்பது வருடம் நீதிமன்றத்தில் நீங்கள் பார்த்த சங்கடங்களையெல்லாம் எடுத்துச் சொல்லி, தோற்றதை மனசார ஏற்றுக்கொள்ளும்படி அவளுக்குப் புத்தி சொல்லுங்கள். அவள் அழக் கூடாது. அழுதால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. அக்காவையும் அழைத்து வாருங்கள், அவர் சொன்னால் உங்கள் தங்கை நோட்டை மூடுவாள்.

பெரியவர்கள் உங்கள் இருவருடைய ஆசியும் எங்களுக்கு எப்போதும் வேண்டும், குறிப்பாக என் முழங்காலுக்கு. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் அன்பு.

நிற்கும் நிலையில் தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: வியாழக்கிழமை எழுதிய கடிதம் இன்னும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது. தபால் பெட்டி வரைக்கும் நடக்க இரண்டு நாளாகக் கால் இடம் கொடுக்கவில்லை. இன்று சனிக்கிழமை மாலை. மேலே உள்ளதை நின்றுகொண்டு எழுதினேன், இதை உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன்.

நான் தோற்றேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நாலு மணிக்கு மழை பிடித்தது. வாங்க ஒரு ஆள்கூட வரவில்லை. ஏழு மணிக்குக் கடை மூட வேண்டும், ஆறு நாற்பது வரை நின்றேன். இன்னும் இருபது நிமிடம். இருபதே நிமிடம் நின்றிருந்தால் சட்டம் என் வீட்டைவிட்டுப் போயிருக்கும். பில் போடும் அம்மாவுக்கு இரண்டரை மணி நேரமாக ஒரு ரசீது எழுதும் வேலைகூட இல்லை, சும்மா நின்றுகொண்டிருந்தார். கட்டையை என் பக்கம் தள்ளியது தள்ளியதுதான், திரும்பக் கேட்கவே இல்லை. உட்காருங்கள் அம்மா என்றேன். "நீங்க நிக்கும்போது எப்படி முதலாளி?" என்றார். முதலாளி சொல்கிறேன், உட்காருங்கள் என்றேன். சிரித்துக்கொண்டு காலை மாற்றிக்கொண்டார். நானே ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து உறையைப் பிரித்துப் போட்டேன். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என்ன செய்வது மச்சான், அவரை உட்காரவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

பிறகுதான் அவர் உட்கார்ந்தார். பிறகு திருகாணி. பிறகு ஒவ்வொருவராக எல்லோரும். நெட்டை யாருக்கும் எதையும் விளக்கிக் காட்டாமல் சும்மா உட்கார்ந்தார், பத்தொன்பது வருடத்தில் இப்போதுதான் பார்க்கிறேன். உங்கள் தங்கை நேரத்தைக் குறித்துவிட்டு, காரணம் என்ன போடட்டும் என்று கேட்டாள். கால் வலி என்று போடு என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வேறு ஏதோ எழுதினாள், காட்ட மாட்டேன் என்கிறாள். அப்புறம் நோட்டை மூடிவிட்டு அவளும் ஒரு நாற்காலியை இழுத்து அப்பாடா என்று உட்கார்ந்தாள். அவளும் ஆறு நாள் நின்றிருக்கிறாள். நான் கவனிக்கவே இல்லை.

நீங்கள் புத்தி சொல்ல வர வேண்டாம். சும்மா வாருங்கள், வந்தால் உட்கார இடம் இருக்கிறது, பலகையைக் கழற்றிவிட்டேன். ஒப்புதல் படிவம் இத்துடன் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன், சாட்சி என்ற இடத்தில் நீங்கள் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும்படி அனுப்பிவையுங்கள். என் கையெழுத்துமேல் வட்டமாக ஒன்று விழுந்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். உங்கள் மருமகள், கண்ணைத் துடைத்துக்கொண்டே, இதில் முத்திரையெல்லாம் யாரும் கேட்கவில்லை அப்பா என்றாள். கேட்காவிட்டால் என்ன, நன்றாகச் சரிபார்த்துத்தான் வைத்திருக்கிறேன், இருக்கட்டும் என்றேன்.